பங்காளிச் சுவர்கள்: பிஎஃப்சென்ஸும் ஓப்பன்சென்ஸும்

இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரை ஒதுக்கிவிட்டு, நான்கு ஈதர்நெட் போர்ட் கொண்ட சின்னக் கணினி ஒன்றை வாங்கி, அதில் சொந்தமாக ஃபயர்வால் நிறுவுவது என்று முடிவெடுத்தவர் எவரும் உடனே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்: பிஎஃப்சென்ஸா, ஓப்பன்சென்ஸா? வீட்டுக்காரருக்கு இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும். இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுகின்றன. ஒரு பேக்கட்டை உள்ளே விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் பகுதியும் இரண்டிலும் ஒன்றே. அதற்குப் பெயர் பிஎஃப். ஆகவே ‘எது அதிகப் பாதுகாப்பு?’ என்று கேட்பவருக்கு நேரான விடை கிடைக்காது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. வீட்டு வலையமைப்பின் அமைப்புகளைத் திரையில் கிளிக் செய்து மாற்றப்போகிறீர்களா, அல்லது ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு மற்றதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்போகிறீர்களா? இந்த ஓரிடத்தில்தான் இரண்டும் உண்மையாகவே பிரிகின்றன. பிரிந்த விதத்துக்குப் பின்னால் நீண்ட பங்காளிக் கதை ஒன்று இருக்கிறது.

2001இல் ஓபன்பிஎஸ்டி திட்டம், உரிமம் பற்றிய சண்டையொன்றில், அதுவரை பயன்படுத்திவந்த ஐபிஃபில்டரைத் தூக்கி வெளியே போட்டது. அந்தக் காலியிடத்துக்கு டேனியல் ஹார்ட்மையர் எழுதியதுதான் பிஎஃப். அவ்வாண்டு டிசம்பரில் வந்த ஓபன்பிஎஸ்டி 3.0இல் அது இடம்பெற்றது, பிறகு ஃப்ரீபிஎஸ்டிக்கும் போய்ச் சேர்ந்தது. 2003இல் சுவிட்சர்லாந்தின் மானுவேல் காஸ்பர் மோனோவால் என்ற சிறிய ஃபயர்வாலை வெளியிட்டார். அதன் எல்லா அமைப்புகளும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கின. கணினி எழும்போதே பிஎச்பி நிரல் அந்தக் கோப்பைப் படித்து முகவரி, விதி, சேவை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இணையப் பக்கம் எழுதுவதற்கான மொழியைக் கொண்டு ஒரு யுனிக்ஸ் கணினியை எழுப்புவது அன்றைக்குப் பலருக்கு விபரீதமாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த விபரீதம் நிலைத்துவிட்டது. இன்று நாம் ஒப்பிடும் இரண்டிலும் அதே ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்புதான் உயிர்நாடி.

2004இல் கிறிஸ் பியூக்லரும் ஸ்காட் உல்ரிச்சும் மோனோவாலிலிருந்து கிளைத்து பிஎஃப்சென்ஸைத் தொடங்கினார்கள். முதல் பதிப்பு 2006 அக்டோபரில் வந்தது. இன்று அதை நடத்துவது டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள நெட்கேட் நிறுவனம். 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸிலிருந்து கிளைத்து ஓப்பன்சென்ஸை வெளியிட்டது. அடுத்த மாதமே மோனோவாலுக்கு மூடுவிழா நடத்திய காஸ்பர், தன் பயனர்களை ஓப்பன்சென்ஸைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். தாத்தா இளைய பேரன் வீட்டில் குடியேறிய கதை. மூத்தவர் வீட்டில் அது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிஎஃப்சென்ஸ் தரப்பு ஓப்பன்சென்ஸ் பெயரில் டாட்காம் முகவரியொன்றை வைத்துக்கொண்டு அதில் ஓப்பன்சென்ஸைக் கேலி செய்யும் தளத்தை நடத்திவந்தது. விவகாரம் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் குழுவரை போய், 2017இல் அந்த முகவரியை டெசிசோவிடம் ஒப்படைக்கும்படி முடிவானது. அற்பச் சண்டைதான். ஆனால் வீட்டு வாசலில் நிறுத்தப்போகும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர், அதை நடத்துபவர்களின் குணத்தையும் பார்க்கத்தான் செய்வார்.

குணத்தைக் காட்டிய இன்னொரு நிகழ்வு 2021இல் நடந்தது. அதன் எடை அதிகம். வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இன் கர்னலுக்குள் சேர்ந்திருந்தது. ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்கும் அதைக் கொண்டுவர நெட்கேட் பணம் கொடுத்து ஒருவரை எழுதவைத்தது. அந்த நிரல் 2021 பிப்ரவரியில் பிஎஃப்சென்ஸ் 2.5.0இல் வெளிவந்துவிட்டது, ஃப்ரீபிஎஸ்டி 13.0இலும் வரவிருந்தது. மார்ச்சில் வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் அதைப் பிரித்துப் பார்த்து அதிர்ந்தார். சரிபார்க்க வேண்டிய செயற்கூறுகள் எதையும் பாராமல் ‘சரி’ என்று திருப்பியனுப்பின. ஒன்றோடொன்று முட்டும் வேலைகளுக்கு நடுவே கண்மூடித்தனமாகக் காத்திருப்புகள் செருகப்பட்டிருந்தன. நினைவக எல்லை மீறல்களும் இருந்தன. இதையெல்லாம் அவர் பகிரங்கமாக எழுதினார். அவரும் வேறு இருவரும் சில நாட்களில் அதைத் திருத்தி எழுதிப் பார்த்தார்கள். இருந்தும் அவசரம் வேண்டாம் என்று ஃப்ரீபிஎஸ்டி 13.0இலிருந்து அது முழுதாக எடுக்கப்பட்டது. பிஎஃப்சென்ஸ் 2.5.1இலும் எடுத்தார்கள். திருந்திய வடிவம் பிறகு தனித் தொகுப்பாகத் திரும்பி வந்தது, ஃப்ரீபிஎஸ்டி 13.2 முதல் கர்னலோடும் சேர்ந்தே வருகிறது. அந்த நாட்களில் ஓப்பன்சென்ஸ் கர்னலுக்கு வெளியே ஓடும் கோ மொழி வயர்கார்டைச் செருகுநிரலாகத் தந்துகொண்டிருந்தது. வேகம் குறைவு, ஆனால் நெறிமுறையை உருவாக்கியவர்களே எழுதியது.

இதை வைத்து நெட்கேட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. நான் ஏற்றமாட்டேன். ஃப்ரீபிஎஸ்டிக்கு வயர்கார்டு வேண்டும் என்று முதலில் பணத்தைப் போட்டவர்கள் அவர்கள்தான். தவறு மேற்பார்வையில் இருந்தது; நிரல் வெளிப்படையாகக் கிடந்ததால்தான் டோனன்ஃபெல்ட் அதைப் படிக்க முடிந்தது.

பொழுதுபோக்காளர்களை உண்மையில் சோர்வாக்கியது வேறு. 2017இல் நெட்கேட், வரவிருக்கும் 2.5 பதிப்புக்கு மறைகுறியாக்கத்தை வேகப்படுத்தும் ஏஇஎஸ்-என்ஐ வசதியுள்ள சிபியு கட்டாயம் என்றது. பரணில் கிடக்கும் பழைய கணினிக்கு உயிர் கொடுப்பதே பாதி சந்தோஷம் என்றிருந்தவர்களுக்கு அது பேரிடி. 2019இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். 2021இல் பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்ற மூடிய பதிப்பு தனியாகப் பிரிந்தது. வீட்டுக்கும் ஹோம்லேப் எனும் வீட்டுச் சோதனைக்கூடத்துக்கும் அதை இலவசமாகவே தந்தார்கள். 2023 அக்டோபரில் அந்த இலவசமும் நின்றது. சமூகப் பதிப்பு இன்றும் இலவசம்தான், அப்பாச்சி உரிமத்தோடு மூலநிரலும் கிடைக்கிறது. ஆனால் முதல் பந்தி பிளஸ்காரர்களுக்கு என்பது இலைபோடும் வரிசையிலேயே தெரிந்துவிடும். சமூகப் பதிப்பு 2.7.2 வந்தது 2023 டிசம்பரில், அடுத்த 2.8.0 வந்தது 2025 மே மாதத்தில். இடையில் ஓட்டைகளை அடைக்க ‘சிஸ்டம் பேட்சஸ்’ என்ற தொகுப்பு உண்டு; அதைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் ஆபத்தில்லை.

ஓப்பன்சென்ஸ் பஞ்சாங்கம் மாதிரி நடப்பது. ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று, 24.1, 24.7 என்று பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரியும். நடுவில் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிய திருத்தங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகத்துக்கும் விலை உண்டு. ஹார்டண்ட்பிஎஸ்டி என்ற கெட்டிப்படுத்திய கிளையின் மேல் சில ஆண்டுகள் ஓடியது; 22.1இல் மீண்டும் ஃப்ரீபிஎஸ்டிக்கே திரும்பியது. ஐஎஸ்சி தன் பழைய டிஎச்சிபி சேவையகத்தின் பராமரிப்பை 2022இல் நிறுத்திய பிறகு அதன் இடத்துக்கு கியா என்ற சேவையகம் வந்தது. கியாவோடு டிஎன்எஸ்மாஸ்கும் ஒரு தேர்வாக வந்தது. வீட்டில் முப்பது சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கிவைத்தவருக்கு இந்த இடமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். புதுப்பிப்பதையே பொழுதுபோக்காகக் கொள்ளாதவருக்கு பிஎஃப்சென்ஸின் சோம்பல் ஒரு வரம். இதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறேன்.

இப்போது தானியங்கி விஷயம். வீட்டில் புதிதாக ஒரு கண்காணிப்புக் கேமரா வாங்குகிறீர்கள். அதை நம்பக்கூடாது என்பதை 2016 கற்றுக்கொடுத்துவிட்டது. மிராய் என்ற தீநிரல், பெட்டியில் வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துப் படையாக்கியது; அவ்வாண்டு அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கிப் பெரிய பெரிய தளங்களையே எட்டாதபடி செய்தது. எனவே கேமராவைத் தனி வி-லேனில், அதாவது மற்ற சாதனங்களிலிருந்து பிரித்த வலைப்பகுதியில், போட வேண்டும். அதற்கு நிலையான முகவரி ஒதுக்க வேண்டும், ஒரு பெயர் வைக்க வேண்டும். ‘கேமராக்கள்’ என்ற குழுவில் சேர்க்க வேண்டும். பதிவுக் கணினியோடு மட்டும் பேசலாம், வெளி இணையத்துக்குப் போகக்கூடாது என்று விதி எழுத வேண்டும். இரண்டு ஃபயர்வால்களிலும் இவை எல்லாம் முடியும். இரண்டிலும் புதிதாகச் சேர்த்த இடைமுகம் விதி எழுதும்வரை எதையும் வெளியே விடாது. நல்ல இயல்பு அது. ஆனால் நான்கு பக்கங்களைத் திறந்து நான்கு முறை சேமிக்க வேண்டும். ஐந்தாவது கேமராவில் ஏதோ ஒரு பக்கத்தை மறப்போம். வீட்டு வலையமைப்பில் நடக்கும் பெரும்பாலான ஓட்டைகள் இப்படி மறந்த பக்கங்கள்தான் என்பது என் கணிப்பு.

தானியக்கம் என்றால் இந்த நான்கையும் ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதுவது: சாதனத்தின் பெயர், மேக் முகவரி, எந்த வி-லேன், எந்தக் குழு. ஆன்சிபிள் போன்ற கருவி அந்த வரியைப் படித்து, ஃபயர்வாலில் இருப்பதோடு ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் சேர்க்கும். கோப்பு கிட் களஞ்சியத்தில் இருக்கும். போன தீபாவளிக்கு யார் என்ன மாற்றினார்கள் என்று ஒரு கட்டளையில் தெரியும்.

இங்கேதான் கட்டுமானம் பேசத் தொடங்குகிறது. கிளைத்த பிறகு டெசிசோ செய்த பெரிய வேலை, மோனோவால் காலத்துப் பிஎச்பி பக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எழுதியது. புதிய கட்டுமானத்தில் திரையில் தெரியும் பக்கமும், ஸ்கிரிப்டுகள் பேசும் வாயிலான ஏபிஐயும் ஒரே பின்புலத்தைத்தான் கேட்கின்றன. திரையில் ‘சேமி’ என்று அழுத்தினால் நடப்பதும், ஸ்கிரிப்ட் கேட்டால் நடப்பதும் ஒன்றே. பயனருக்கு ஓப்பன்சென்ஸ் சாவி, ரகசியம் என்று இரண்டு சரங்கள் தருகிறது. அவற்றோடு முகவரியைத் தட்டினால் விடை வரும். உயர் உரிமை தேவைப்படும் வேலைகளைப் பின்னால் இருக்கும் கான்ஃபிக்டி என்ற தனிச் சேவை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. ஏபிஐ வழியாக விதியை மாற்றும் முன் ஒரு மீட்புப் புள்ளி கேட்கலாம். மாற்றத்தை அமலாக்கிய பிறகு 60 நொடிக்குள் ‘எல்லாம் சரி’ என்று ஸ்கிரிப்ட் திரும்பி வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஃபயர்வால் தானாகப் பழைய விதிகளுக்குத் திரும்பிவிடும். நாமே எழுதிய விதி நம்மையே வெளியே தள்ளிப் பூட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரும் ஒருமுறை அனுபவிக்கும் சடங்கு. அதற்கு இப்படி ஒரு மருந்தை உள்ளேயே வைத்தவர்கள் தானியக்கத்தை மனத்தில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பிஎஃப்சென்ஸ் சமூகப் பதிப்போடு அதிகாரபூர்வ ஏபிஐ வருவதில்லை. பயனர் ஒருவர் எழுதிப் பராமரிக்கும் தொகுப்பு ஒன்று இருக்கிறது, திறமானது. ஆனால் ஃபயர்வாலுக்குள் நிறுவனத்தின் தொகுப்புப் பட்டியலில் இல்லாத ஒன்றை ஏற்றுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆன்சிபிளுக்கும் தொகுதிகள் உண்டு. அவை எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தி, பிஎச்பி நிரலை ஓட்டி மாற்றத்தை அமலாக்குகின்றன. வேலை நடக்கிறது, பலர் ஆண்டுக்கணக்காக நடத்துகிறார்கள். ஆனாலும் முன்வாசல் இல்லாத வீட்டுக்கு ஜன்னல் வழியே ஏறிப்போவது போலத்தான். கோப்பின் அமைப்பு ஒரு பதிப்பில் மாறினால் அத்தனை ஸ்கிரிப்டும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓப்பன்சென்ஸும் இதில் நிறைகுடமல்ல. பழைய பக்கங்கள் முழுதாக மாறிமுடிய ஆண்டுகள் பிடித்தன. வி-லேனை உருவாக்க ஏபிஐ இருந்தது. உருவாக்கிய வி-லேனை ஓர் இடைமுகமாக ஒதுக்குவதற்கு நெடுநாள் திரைக்கே வரவேண்டியிருந்தது. அதாவது நம் உதாரணத்தில் கேமராவைச் சேர்ப்பது முழுத் தானியக்கம், கேமராவுக்கான தனிப் பிரிவை முதன்முதலில் உருவாக்குவது அரைத் தானியக்கம்.

தானியக்கம் ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவருகிறது. இதைப் பலர் பேசுவதில்லை. ஃபயர்வாலின் முழு அதிகாரமும் இப்போது ஸ்கிரிப்ட் ஓடும் கணினியில் ஒரு கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணினி விழுந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. ஏபிஐக்கென்று தனிப் பயனரை வைத்து, டிஎச்சிபியும் குழுக்களும் விதிகளும் மட்டும் தொடும் உரிமை கொடுக்கலாம். நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய வி-லேனிலிருந்து மட்டுமே திரைக்கும் ஏபிஐக்கும் வழி விடலாம். சாவியை கிட் களஞ்சியத்தில் வெறும் எழுத்தாக வைக்காமல் ஆன்சிபிள் வால்ட்டில் பூட்டலாம். ஓப்பன்சென்ஸில் உரிமைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருப்பதால் இது சுலபம். பிஎஃப்சென்ஸில் எஸ்எஸ்எச் வழியே போகும் ஆன்சிபிளுக்கு ஏறத்தாழ முழு அதிகாரமும் கொடுத்தாக வேண்டும். பாதுகாப்பில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்றால் அது இந்த இடம்; பேக்கட் வடிகட்டலில் இல்லை.

பேக்கப் எடுக்கும் விதத்திலும் அதே குணம்தான். பிஎஃப்சென்ஸின் ஆட்டோகான்ஃபிக்பேக்கப் ஒவ்வொரு மாற்றத்தையும் நம் பெட்டியிலேயே மறைகுறியாக்கி நெட்கேட் சேவையகத்துக்கு அனுப்புகிறது. ஒரு கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஓப்பன்சென்ஸின் கிட் செருகுநிரல் அதே எக்ஸ்எம்எல் கோப்பை நீங்கள் சொல்லும் களஞ்சியத்துக்கு அனுப்பும். கோப்பில் கடவுச்சொற்களும் சாவிகளும் இருப்பதால் அந்தக் களஞ்சியம் வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது.

பிஎஃப்சென்ஸ் தெளிவாக ஜெயிக்கும் இடங்களைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்பாய்வு ஆகாது. விளம்பரத்தையும் தீய முகவரிகளையும் தடுக்கும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி அதில் மட்டுமே கிடைக்கிறது. நாடுவாரியாகவும் நிறுவனவாரியாகவும் முகவரிகளைப் பிரித்துத் தடுக்கும் அதன் நுணுக்கத்துக்கு ஓப்பன்சென்ஸில் உள்ள அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் சேவையின் தடைப்பட்டியல் ஈடாகாது, வீட்டுக்குப் போதும் என்றாலும். ஆவணங்களும் பிஎஃப்சென்ஸில்தான் செழிப்பு. ஓப்பன்சென்ஸ் வைத்திருப்பவர்களே ஒரு கருத்து புரியாதபோது அதைத்தான் திறந்து படிக்கிறார்கள்.

இன்னொன்று நம்மூர்க்காரருக்கு நேரடியாகப் படும். பிஎஸ்என்எல் உள்ளிட்ட பல ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ முறையில் வருகின்றன. ஃப்ரீபிஎஸ்டியின் பழைய பிபிபிஓஇ வழியில் வந்துசேரும் பேக்கட்டுகள் எல்லாம் ஒரே சிபியு கோரில் வந்து விழும். ஏபியு2 போன்ற பழைய சிறு பெட்டிகள் கிகாபிட் வேகத்தில் இதில்தான் மூச்சுத் திணறும். 2.8.0இல் நெட்கேட் புதிய பிபிபிஓஇ இயக்கியைச் சேர்த்து இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைத்தது. கையில் பழைய பெட்டியும் பிபிபிஓஇ இணைப்பும் இருப்பவர் இதை மட்டும் வைத்தே முடிவெடுக்கலாம். இன்டெல் என்100 போன்ற புதிய சிபியு என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அது சுமார் 10 வாட்டில் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும். 120 வாட் இழுக்கும் பழைய சர்வரோ அதே காலத்தில் 175 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை அது ஒன்றே விழுங்கிவிடும். ஹோம்லேப் படங்களில் அழகாக மின்னும் ரேக்குகளைப் பார்த்து ஏமாறாதிருக்க இந்தக் கணக்கு போதும்.

வெளியூரிலிருந்து வீட்டுக்குள் நுழைவதில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. நிறுவனம் உங்களைப் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால், அதாவது வெளி இடைமுகத்தின் முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள ஏதோ ஒன்றில் தொடங்கினால், எந்த ஃபயர்வாலிலும் வயர்கார்டுக்கு ஐபிவி4 வழி கிடைக்காது. ஐபிவி6, டெயில்ஸ்கேல் போன்ற இடைச்சேவை, வாடகைக்கு எடுத்த சின்னச் சர்வர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழி.

என் தேர்வு ஓப்பன்சென்ஸ். காரணம் ஏபிஐயும் அந்த 60 நொடியும். ஆனால் பத்து விதி, இரண்டு வி-லேன், மாற்றமே இல்லாத வீடு என்றால் பிஎஃப்சென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மாறுவது என்று முடிவெடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே மூதாதையின் எக்ஸ்எம்எல் என்றாலும் ஒன்றின் கோப்பை மற்றொன்றில் அப்படியே ஏற்றிப் பயனில்லை. குழுக்களின் முகவரிப் பட்டியலை நகலெடுத்து ஒட்டலாம். முகவரி ஒதுக்கீடுகளைச் சின்ன ஸ்கிரிப்டால் பழைய கோப்பிலிருந்து உருவி ஏபிஐயில் கொட்டலாம். விதிகளை மட்டும் கையால் புதிதாக எழுதுவதே நல்லது. பழையவற்றில் எத்தனை எதற்கென்றே தெரியாமல் கிடக்கின்றன என்று அப்போதுதான் தெரியவரும். புதிய பெட்டியைத் தனியே மேசையில் வைத்து முழுதாகக் கட்டிமுடித்து, உள் இடைமுகத்துக்குப் பழைய பெட்டியின் முகவரியையே கொடுத்துவிட்டு, வீட்டில் யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில் கேபிளை மாற்ற வேண்டும். சில இணைப்புகள் பழைய பெட்டியின் மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கும். அப்போது நிறுவனத்தின் மோடத்தைச் சிறிது நேரம் அணைத்துவைத்து எழுப்ப வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் புதிய பெட்டியில் வெளி இடைமுகத்தின் பக்கத்தைத் திறந்து, மேக் முகவரிக்கான கட்டத்தில் பழையதையே எழுதிவிட வேண்டும்.